குழாய் நகராது, ஊர் நகரும்

(மதுரைக் காளவாசலில் நடந்த திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயரினின்றே என் உரையைத் தொடங்குகின்றேன். காளவாய் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குப் பெயர். காளவாசல் என்று வழங்குவதும் அதனையே. சூளையை எவரும் ஊர் நடுவே வைப்பதில்லை. புகையும் பொறியும் குடியிருப்பைத் தாக்காவண்ணம் ஊர்ப்புறத்தேதான் வைப்பர். எனவே, இப்பெயர் தோன்றிய காலத்தில் இவ்விடம் மதுரையின் புறமாக இருந்திருத்தல் வேண்டும். இன்றோ, தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடும் இவ்விடத்தில் ஒரு சாலையைக் கடப்பதற்கே நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றோம். 'புறவழி' என்னும் அச்சாலையின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். புறத்தே போவதற்கென்று போட்ட வழி இன்று ஊரின் அகத்தே கிடக்கின்றது. சூளையும் நகரவில்லை, சாலையும் நகரவில்லை. ஊர்தான் நகர்ந்து சென்று அவற்றைச் சூழ்ந்துகொண்டது.

சூளையாயின் தீயை அவித்துவிடலாம். சாலையாயின் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கி நடக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல், மண்ணுக்கடியில், பேரழுத்தத்தில் எரிவளியைச் சுமந்து ஓடும் எஃகுக் குழாயை ஊர் சூழ்ந்துகொண்டால் என்ன ஆகும்? இதுவே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழாசிரியனுக்குக் குழாயைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். யான் பொறியியல் கற்றவனல்லன். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பொறியாளராக இருக்கின்றார். அவர் எடுத்துச் சொல்லியவற்றையும், அவர் காட்டிய நெறிமுறை ஏடுகளில் யான் தட்டுத் தடுமாறிப் படித்தவற்றையும், என் தமக்கையார் ஊரில் என் கண்ணால் கண்டவற்றையுமே உங்கள்முன் வைக்கின்றேன். இதனை ஏன் தமிழில் சொல்ல வேண்டும் என்பது உரையின் இறுதியில் தானே விளங்கும்.

எரிவளியும் குழாயும்

எரிவளி என்று யான் சொல்வது, நிலத்தடியிலிருந்து கிடைப்பதும், பெரும்பங்கு மீத்தேன் ஆனதுமாகிய இயற்கை எரிவளியை. நம் அடுக்களை உருளையில் அடைபட்டு வருவது வேறு. உருளையில் உள்ளது காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். மீத்தேன் காற்றினும் இலகுவானது, கசிந்தால் மேலெழும். ஆனால், காற்றுடன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்து நிற்குமாயின் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதற்கு இயல்பாக மணமில்லை. நகரங்களில் வீட்டுக்கு வரும் எரிவளியில் அழுகல் நாற்றமுள்ள மெர்கேப்டன் என்னும் பொருளைச் சிறிது கலப்பது, மூக்கே காவலாக இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

இவ்வெரிவளி நம் நாட்டில் இன்று நெடுந்தொலைவு பயணம் செய்கின்றது. எண்ணூரில் நீர்ம எரிவளி முனையம் 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்டது. அங்கிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை எனப் பல ஊர்களைத் தொட்டுத் தூத்துக்குடி வரை செல்லத் திட்டமிடப்பட்ட இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குழாய்வழியில், இராமநாதபுரம் – தூத்துக்குடிக்கு இடைப்பட்ட 143 கி.மீ. பகுதி 2021 பிப்பிரவரி 17-இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இது எங்கோ அயல்நாட்டில் நடக்கும் செய்தியன்று; மதுரையின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய குழாயைப் பற்றிய செய்தி.

எரிவளியே வேண்டா என்று சொல்ல யான் வரவில்லை. ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்கிய தாயின் வயிற்றில் பிறந்தவன் யான். புகையில்லா அடுப்பின் அருமையை அறிவேன். யான் கேட்பது வேறொன்று.

வீட்டை எண்ணும் நெறி

குழாய் எவ்வளவு தடிப்பாக இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்வது எது? எரிவளியின் அழுத்தம், குழாயின் விட்டம், எஃகின் உரம் ஆகிய மூன்றும் என்று நீங்கள் சொல்வீர்கள். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நான்காவதாக ஒன்று உண்டு. அது குழாயின் அருகே எத்தனை வீடுகள் உள்ளன என்னும் எண்ணிக்கை!

அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்த இந்நெறியை அந்நாட்டு அரசு 1970-இல் சட்டநெறியாக்கியது. நம் நாட்டில் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவளி ஒழுங்குமுறை வாரியம் குழாய்வழிகளுக்கென 2009-இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிகளும் அப்பொறியாளர் நூலையே அடியொற்றியவை. அந்நெறி இதுதான்.

குழாயின் இருபுறமும் ஏறத்தாழ 200 மீட்டர் அகலத்தில், ஒரு கல், அஃதாவது 1.6 கி.மீ. நீளத்திற்கு நிலத்தை அளந்துகொள்க. அதற்குள் மாந்தர் வாழும் கட்டடங்களை எண்ணுக. 10 அல்லது அதற்குக் குறைவாயின் அது முதல் வகை. 10-க்கு மேல், 46-க்குக் கீழ் என்றால் இரண்டாம் வகை. 46-உம் அதற்கு மேலும் என்றால் மூன்றாம் வகை. நான்கும் அதற்கு மேலுமான மாடிகள் கொண்ட கட்டடங்களே மிக்கிருந்தால் அது நான்காம் வகை. இதனைக் 'குடியடர்வு வகை' என்று யான் தமிழில் குறிக்கின்றேன்.

வகை மாறினால் என்ன மாறும்? எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை வரை இழுத்தால் மீண்டும் பழைய நிலைக்கு வரும். மீறி இழுத்தால் மீளாமல் நெளிந்துவிடும். அவ்வெல்லையில் எத்தனை பங்கு வரை குழாயை வருத்தலாம் என்பதற்கு ஓர் எண் வைத்துள்ளனர். முதல் வகையில் நூற்றுக்கு 72. இரண்டாம் வகையில் 60. மூன்றாம் வகையில் 50. நான்காம் வகையில் 40. ஒரே விட்டமும் ஒரே அழுத்தமும் ஒரே எஃகும் கொண்ட குழாய் முதல் வகை நிலத்தில் 10 மி.மீ. தடிப்பாக இருந்தால் போதும் என்று கொள்வோம். அதுவே இரண்டாம் வகையில் 12 மி.மீ., மூன்றாம் வகையில் 14.4 மி.மீ., நான்காம் வகையில் 18 மி.மீ. இருத்தல் வேண்டும். வயலில் போகும் குழாய்க்கும் மாடிவீட்டு நெருக்கத்தில் போகும் குழாய்க்கும் ஏறத்தாழ ஒரு மடங்கு வேறுபாடு!

தடிப்பு மட்டுமன்று. இடர் நேர்ந்தால் எரிவளியை அடைத்து நிறுத்தும் அடைப்பிதழ்களின் இடைவெளியும் மாறும். அமெரிக்க நெறிப்படி முதல் வகையில் குழாயின் எவ்விடமும் ஓர் அடைப்பிதழிலிருந்து 10 கல் தொலைவுக்குள் இருந்தால் போதும்; நான்காம் வகையிலோ இரண்டரைக் கல் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். பற்றவைத்த இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுத்து ஆய்வதில், ஒரு நாளில் பற்றவைத்தவற்றுள் முதல் வகைக்கு நூற்றுக்குப் பத்து ஆய்ந்தால் போதும்; மூன்றாம், நான்காம் வகைக்கு அனைத்தையும், இயலாதவிடத்து நூற்றுக்குத் தொண்ணூறையேனும் ஆய்தல் வேண்டும் என்பது அந்நாட்டு நெறி.

பள்ளி ஆசிரியனாகிய என் நெஞ்சைத் தொட்ட ஒன்று அந்நெறியில் உண்டு. வீடுகள் குறைவாயினும், குழாயிலிருந்து 100 கெசத்திற்குள் இருபது பேர் நாள்தோறும் கூடும் ஒரு கட்டடமோ விளையாட்டுத் திடலோ இருக்குமாயின், அவ்விடம் மூன்றாம் வகையாகவே கொள்ளப்படும். ஓராண்டில் பத்துக் கிழமைகள், கிழமைக்கு ஐந்து நாள் என்று கூடினால் போதும். ஆக, இருபது பிள்ளைகள் படிக்கும் ஓராசிரியர் பள்ளி ஒன்று நாற்பத்தாறு வீடுகளுக்கு நிகர். இதனை எழுதிய பொறியாளர் எவராயினும் அவர் கையை யான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

பத்து வீட்டு உயிர் மலிவா?

இனி, உங்கள் உள்ளத்தில் எழும் வினாவை அறிவேன். பத்து வீட்டுச் சிற்றூரில் வாழ்பவன் உயிர் மெல்லிய குழாய்க்கும், மாடிவீட்டில் வாழ்பவன் உயிர் தடித்த குழாய்க்கும் உரியதா? எனக்கும் இவ்வினா எழுந்தது. என் மாணவரிடம் சினந்தே கேட்டேன்.

அவர் அமைதியாக விடை சொன்னார். "ஐயா, முதல் வகைக் குழாயும் உடையக்கூடாது என்றே செய்யப்படுவது. வீடு மிகுந்தவிடத்தில் கூடுதல் தடிப்பு எதற்கென்றால், அங்கே ஏதம் விளைவிக்கும் கைகளும் மிகுதி. கடைக்கால் தோண்டுவோர், ஆழ்துளைக் கிணறு இறக்குவோர், சாக்கடை வெட்டுவோர் என ஆண்டு முழுதும் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பர். தோண்டும் பொறியின் பல் ஒன்று குழாயில் பட்டால், மெல்லிய சுவர் கிழியும். தடித்த சுவர் கீறலோடு தப்பும். இழப்பும் மிகுதி, இழப்புக்கான வாய்ப்பும் மிகுதி. ஆதலால்தான் காப்பும் மிகுதி" என்றார்.

இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை. எரிவளிக் குழாய் வெடித்தால் தீ எவ்வளவு தொலைவு தாக்கும் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. அழுத்தத்தைக் குழாய் விட்டத்தின் இருமடியால் பெருக்கி, வந்த எண்ணின் இருமடி மூலத்தை 0.69-ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனைப் பவுண்டு என்றும், விட்டம் அங்குலத்திலும் இருந்தால், விடை அடியில் வரும். 30 அங்குலக் குழாயில் 400 பவுண்டு அழுத்தம் என்றால் 414 அடி. இவ்வாய்பாட்டில் வீட்டின் எண்ணிக்கைக்கு இடமில்லை. தீக்கு எண்ணத் தெரியாது. அந்த 414 அடிக்குள் ஒரே வீடு இருந்தாலும் அவ்வீட்டுக்கு முழுத் தீயும் உண்டு. ஆகவே, எண்ணிக்கை குறைவான இடத்தில் குழாய்ச் சுவர் மெலியலாம். விழிப்பு மெலியக் கூடாது.

மூன்று ஊர்கள் தந்த பாடம்

யான் இப்போது சொன்ன 30 அங்குலமும் 400 பவுண்டும் கற்பனை எண்களல்ல. அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில் சான் புருனோ என்னும் ஊரின் குடியிருப்புக்கடியில் சென்ற குழாயின் அளவுகள். 1956-இல் பதித்த அக்குழாய் 2010 செப்டம்பர் 9-ஆம் நாள் மாலை வெடித்தது. எட்டுப் பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன. எரிவளியை அடைத்து நிறுத்துவதற்கு 95 நிமையங்கள் ஆயின. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகத் தீக்குத் தீனி போய்க்கொண்டே இருந்தது! ஆய்ந்து பார்த்தபோது, இணைப்புத் தையலே இல்லாத குழாய் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்த இடத்தில், குறைபட்ட தையல் கொண்ட துண்டுகள் கிடந்தது தெரிந்தது. ஏட்டில் ஒன்று, நிலத்தில் வேறொன்று. இது முதற் பாடம்.

இரண்டாவது பெல்சிய நாட்டின் கிசிலெங்கியன் என்னும் ஊர். அங்கே பெரிய எரிவளிக் குழாயின் அருகே புதிதாய்த் தொழிற்பேட்டை எழுந்தது. கட்டட வேலையின்போது மண் வேலைப் பொறியொன்று குழாயைக் காயப்படுத்திவிட்டது. காயம் உடனே வெளித் தெரியவில்லை. பின்னொரு நாள், 2004 சூலை 30 காலையில், அது கசிந்து வெடித்தது. 24 பேர் இறந்தனர். அவர்களுள் கசிவென்று கேட்டு உதவ ஓடிவந்த தீயணைப்பு வீரரும் உண்டு. குழாயை நோக்கிக் கட்டடங்கள் வந்தன. கட்டடங்களோடு தோண்டும் பொறியும் வந்தது. இது இரண்டாம் பாடம்.

மூன்றாவது நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில், அந்நாளில் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் இருந்த ஓர் ஊர். அவ்வூரின் பெயரே நகரம் என்பது. 2014 சூன் 27-ஆம் நாள் விடியற்பொழுதில், கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாயிலிருந்து கசிந்து பரவியிருந்த எரிவளி தீப்பற்றி வெடித்தது. வீடுகளும் தென்னைகளும் கரிந்தன. 20-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறங்கியவர்களுள் பலர் எழவே இல்லை. ஈரம் நீக்கிய எரிவளிக்கென அமைத்த குழாயில் ஈரமும் படிவும் கலந்த எரிவளியை ஓடவிட்டதால் உட்சுவர் அரித்துப்போயிருந்தது என்று ஆய்வு சொல்லிற்று. எண்ணிப் பாருங்கள்: சுவரின் தடிப்பு என்பது பதித்த நாளின் கணக்கு. அரிப்பு நாள்தோறும் அதனைக் கழித்துக்கொண்டே இருக்கும். வெளியே வீடு கூடிக்கொண்டே வரும். உள்ளே சுவர் குறைந்துகொண்டே வரும். இது மூன்றாம் பாடம்.

கொங்கு நாட்டு உழவர் கேட்ட வினா

நம் தமிழகத்துக்கு வருவோம். கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனம் திட்டமிட்ட குழாய்வழி கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டினகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கி.மீ. செல்வதாக இருந்தது. உழவர்கள் எதிர்த்தெழுந்தனர். விளைநிலத்தை விடுத்து நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுங்கள் என்றனர். 2013-இல் தமிழக அரசும் அவ்வாறே ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே சென்னை உயர் வழக்குமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தமிழக அரசின் மேல்முறையீட்டை 2016 பிப்பிரவரி 2-இல் உச்ச வழக்குமன்றம் தள்ளிவிட்டது.

வழக்கின் வெற்றி தோல்வியைப் பேசுவதற்காக இதனை எடுக்கவில்லை. குடியடர்வு நெறியின் மறுபக்கம் இங்கேதான் விளங்குகின்றது. நெடுஞ்சாலை ஓரத்தில் வீடும் கடையும் நெருங்கியிருக்கும், வகை உயரும், எஃகு தடிக்கும், செலவு கூடும். வயல்வெளியில் வீடு அருகியிருக்கும், வகை தாழும், எஃகு மெலியும், செலவு குறையும். மக்களைக் காக்கப் பிறந்த நெறியே குழாயை உழவன் வயலை நோக்கித் தள்ளுகின்றது. இதில் தீங்கு நினைத்தவர் எவருமில்லை. ஆனால் சுமை விழுவது ஒருவன் தோளில்தான்.

1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி நிலம் உழவனுக்கே உரியது. குழாய் பதிக்கும் பயன்பாட்டுரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். கொங்கு நாட்டில் அதற்கெனக் குறித்த அகலம் 20 மீட்டர். அப்பட்டைக்குள் வீடு கட்டக் கூடாது. கிணறோ குளமோ வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. பயிர் அழிவுக்கான ஈடு ஒருபுறம் இருக்க, அவ்வுரிமைக்காக அச்சட்டம் சொல்லும் இழப்பீடு நிலத்தின் அங்காடி விலையில் நூற்றுக்குப் பத்து.

இப்போது கூர்ந்து கேளுங்கள். இந்த உரையின் உயிர்நாடி இதுதான். கட்டுவதற்குத் தடை 20 மீட்டர்ப் பட்டைக்குள். அஃதாவது குழாயின் இருபுறமும் ஏறத்தாழப் பத்துப் பத்து மீட்டர். வீட்டை எண்ணுவதோ இருபுறமும் 200 மீட்டர் வரை. அப்படியாயின் பத்தாம் மீட்டருக்கும் இருநூறாம் மீட்டருக்கும் இடைப்பட்ட நிலத்தில் என்ன நடக்கின்றது? அங்கே வீடு கட்ட இச்சட்டத்தில் தடையில்லை. ஆனால் அங்கே கட்டும் ஒவ்வொரு வீடும் குழாயின் கணக்கை மாற்றுகின்றது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவோர் ஒருவர். குழாயைக் காப்போர் மற்றொருவர். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாவிட்டால் அந்த நூற்றுத்தொண்ணூறு மீட்டர் கேட்பாரற்ற நிலம்.

அக்கா ஊரில் யான் எண்ணியவை

மதுரைக்கு வெளியே வையைப் பாசனச் சிற்றூர் ஒன்றில் என் தமக்கையார் வாழ்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் வயல்களின் ஊடே எரிவளிக் குழாயொன்று பதிக்கப்பட்டது. முதன்முதலில் ஓர் அறிவிப்புத் தாள் வந்தது. முழுதும் ஆங்கிலம். அத்தான் அதனை மடித்து நெற்குதிரின் மேல் வைத்துவிட்டார். யான் ஊருக்குச் சென்றபோது அக்கா அதனை எடுத்துக் கொடுத்து, "என்னவோ தாள் வந்திருக்கிறது தம்பி, வரித் தாளாக இருக்கும், படித்துச் சொல்" என்றார். படித்துப் பார்த்தேன். மறுப்புச் சொல்ல 21 நாள் தவணை என்றிருந்தது. எண்ணிப் பார்த்தேன், அன்று பத்தொன்பதாம் நாள்.

அக்காவும் அத்தானும் மறுப்புச் சொல்லியிருப்பார்களா என்பதை யான் அறியேன். ஒருகால் இசைந்தே இருப்பர். ஆனால் இசைவதற்கும் மறுப்பதற்கும் முதலில் தெரிந்திருத்தல் வேண்டுமல்லவா? தம் நிலத்துக்குள் தீ வரப்போகின்றது என்னும் செய்தி பத்தொன்பது நாள் நெற்குதிரின் மேல் உறங்கிற்று. அத்தான் எழுத்தறியாதவர் அல்லர். தமிழ் நாளிதழைத் தலைப்பு முதல் கடைசி வரி வரை நாள்தோறும் படிப்பவர். அறியாமை அவரிடத்தில் இல்லை. தாளின் மொழியில் இருந்தது.

குழாய் பதித்த காலத்தில் அங்கே ஏழு வீடுகளே இருந்தன என்பது அத்தான் சொன்ன கணக்கு. முதல் வகை. அண்மையில் பொங்கல் விடுமுறைக்குச் சென்றபோது, அடையாளக் கற்களை வழியாகக் கொண்டு, ஒரு கல் நீளம் வரப்பிலும் வாய்க்காலிலுமாக நடந்து எண்ணினேன். குடிபுகுந்த வீடுகள் 39. கடைக்கால் போட்டவை 11. வண்ணக் கொடி நட்டு விற்பனைக்கு நிற்கும் மனைகள் எண்ணில. 39 என்பது இரண்டாம் வகை. அந்தப் பதினொன்றும் எழுந்து நின்றால் 50, மூன்றாம் வகை. நாற்பத்தாறாம் வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில் அக்குழாயின் வகை மாறும். அப்போது அவ்வீட்டாருக்கு அது தெரியுமா? குழாய்க்கு உரியவருக்குத் தெரியுமா?

என் கணக்கு அளவுநாடா பிடித்த பொறியாளர் கணக்கன்று, காலடிக் கணக்கு. சற்றுப் பிழையிருக்கலாம். ஆனால் திசை பிழையன்று. வகை உயர்ந்தால் செய்ய வேண்டியதும் நெறியில் உண்டு. மறு ஆய்வு செய்து, அழுத்தத்தைக் குறைத்தல் வேண்டும். அல்லது குழாய் தாங்கும் என்பதை ஆய்வால் மெய்ப்பித்தல் வேண்டும். அல்லது தடித்த குழாயை மாற்றிப் பதித்தல் வேண்டும். அமெரிக்க நெறி இதற்கு 24 திங்கள் தவணை தருகின்றது. ஆக, நெறி இல்லாமலில்லை. எண்ணுவாரும், எண்ணியதைச் சொல்வாரும், சொல்வதைக் கேட்பாரும் வேண்டும்.

சொல்லாவிட்டால் ஊர் வேகும்

இங்கேதான் நம் இயக்கத்தின் வேலை வருகின்றது. நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பது நம்மவர் வழக்கு. யான் சொல்கின்றேன்: நெருப்பென்று ஊருக்குப் புரியும் மொழியில் சொல்லாவிட்டால் ஊர் வெந்துவிடும்.

தமிழில் சொல்ல இயலாத அறிவியல் என்று ஒன்றில்லை. இவ்வளவு நேரம் யான் பேசியவற்றுள் எது உங்களுக்கு விளங்காமற் போயிற்று? குடியடர்வு வகை, அடைப்பிதழ், கதிர்ப்படம், பயன்பாட்டுரிமை: இவற்றுள் எச்சொல் பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் புரியாது? தனித்தமிழ் என்பது மேடையில் மணக்கும் மாலை மட்டும் என்று ஏளனம் செய்வார் உளர். அவர்களுக்கு யான் சொல்வது இது: உழவன் வயலில் நடும் அறிவிப்புக் கல்லில் 'இங்கே தோண்டாதீர், அடியில் எரிவளிக் குழாய்' என்று தமிழில் பொறிப்பது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பு. கடைக்கால் தோண்டும் பொறியை ஓட்டும் இளைஞன் படிக்கக் கூடிய எழுத்து எதுவோ அதுவே காவல்.

ஆதலால் நாம் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, குழாய்வழி செல்லும் ஊர்கள்தோறும் நம் தோழர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வீடுகளை எண்ணுங்கள். பள்ளி, மழலைக் காப்பகம், திருமண மண்டபம், கோயில் திடல் ஆகியவற்றைத் தனியே குறியுங்கள். அக்கணக்கை ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் குழாய் நிறுவனத்துக்கும் எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

இரண்டாவது, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருமுன், 200 மீட்டருக்குள் குழாய் உண்டா என்று பார்த்து, உண்டாயின் அந்நிறுவனத்தின் கருத்தைப் பெற்ற பின்னரே ஒப்புதல் தருதல் வேண்டும் என்று ஊர்க்கூட்டங்களில் தீர்மானம் இயற்றுங்கள். மனை வாங்குவோருக்கும் அதனை ஆவணத்திலேயே சொல்லுதல் வேண்டும்.

மூன்றாவது, அறிவிக்கை, அடையாளக் கல், இடர்க்காலத் தொலைபேசி எண் அனைத்தும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். 21 நாள் என்பது, படிக்க இயலும் தாள் கையில் வந்த நாளிலிருந்து எண்ணப்பட்டால்தான் அது தவணை.

நான்காவது, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், பிறர்க்கும் கற்பியுங்கள். குழாய்ப் பாதையில் பயிர் காரணமின்றி வாடினாலும், நீர் தேங்கிய இடத்தில் குமிழி எழுந்தாலும், சீறும் ஒலி கேட்டாலும், நாற்றம் வீசினாலும் அருகே செல்லாதீர்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஊர்தியை அங்கே முடுக்காதீர்கள். காற்று வரும் பக்கமாக விலகிச் சென்று, பின்னரே தீயணைப்பு நிலையத்துக்கும் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். நெடுந்தொலைவுப் பெருங்குழாயில் நாற்றப் பொருள் கலவாதிருப்பதும் உண்டு. ஆகவே நாற்றமில்லை என்பதாலேயே கசிவில்லை என்று கருதாதீர்கள்.

பெருமக்களே! எரியின் கொடுமையை மதுரைக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் எரிந்த நகர் இது. அங்கே நகர் எரிந்தது முறை பிழைத்ததால். இனி ஓர் ஊர் எரியுமாயின் அது எண்ணப் பிழைத்ததால் இருத்தல் கூடாது.

சூளைகள் போய்விட்டன, காளவாசல் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது. இங்கே ஒருகாலத்தில் தீ இருந்தது என்பதை அப்பெயர் இன்றும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. நம் முன்னோர் தீ இருந்த இடத்துக்குத் தமிழில் பெயரிட்டுச் சென்றனர். நாம் தீ ஓடும் வழிக்குத் தமிழில் ஒரு கல்லேனும் நட வேண்டாவா?

அடுத்த கிழமை யான் மீண்டும் அக்கா ஊருக்குச் செல்கின்றேன். அந்தப் பதினொரு கடைக்கால்களில் எத்தனை சுவராகி எழுந்துள்ளன என்று எண்ணப் போகின்றேன். என்னோடு நடக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஒரு குறிப்பேடும், வெயிலுக்கு ஒரு துண்டும் இருந்தால் போதும்.